ஆம்பர் ஏலும் ஒரு பேலட் பழைய டின்னும்

1. லேபிள் இல்லாத பாட்டில்

"இங்க வசந்தி யாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்த மனிதர் கடைக்குள் வந்தார். கையில் லேபிள் இல்லாத பழுப்பு பாட்டில் ஒன்று. அதை கவுண்டரில் வைத்த வேகத்தில் பக்கத்திலிருந்த, அடர்த்தி பார்க்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் உருண்டு விழப் பார்த்தது.

ரிச்சர்ட்சன் என்கிற அமெரிக்க ஊரில் எங்கள் கடை, வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்கான சாமான் கடை. மால்ட் என்கிற முளைகட்டிக் காயவைத்த பார்லி, கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், பக்கெட், பாட்டில் மூடி எல்லாம் விற்போம். ஒரு பேட்ச்சுக்கு, அதாவது ஒரு தடவை காய்ச்ச, வேண்டியதை அளந்து, செய்முறைத் தாளோடு பெட்டியில் போட்டு, கிட் என்றும் விற்போம்.

"நான்தான்" என்றேன்.

"பெட்டியில உன் பேர் போட்டிருக்கு. குடிச்சுப் பாரு." அவர் பேசியது இங்கிலீஷ், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

நான் குடிக்கிறவள் இல்லை. வாயில் வைத்துச் சுவை பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன். ஈரோட்டில் எட்டு வருஷம் பால் பரிசோதனை லேபில் வேலை பார்த்த மூக்கு இது. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல் வாசனை வர வேண்டிய இடத்தில் காய்ந்துபோன திராட்சையும் பழைய சோயா சாஸும் கலந்த மாதிரி ஒரு வாடை. நாக்கில் திகட்டல். ஹாப்ஸ் இருந்த சுவடே இல்லை.

"மூணு பேட்ச்சும் இதே கதி. பதினஞ்சு கேலன். இன்னும் அஞ்சு வாரத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். வர்ற எல்லாருக்கும் நான் காய்ச்சின பியர்தான்னு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அவர் பெயர் வெய்ன். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஓனர் சேகர் சார் வந்துவிட்டார். "நீங்க இருங்க மேடம், நான் பேசறேன்" என்றார்.

என்ன ஆனது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஏன் தெரியும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

2. பதினேழு சூப்பர்

ஒன்பது வருஷம், கணவரோடு வந்த டிபென்டென்ட் விசாவில், வேலை பார்க்க அனுமதியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வொர்க் பெர்மிட் வந்த கையோடு கிடைத்தது இந்தக் கடையில் கிட் பேக் பண்ணுகிற வேலை. மைக்ரோபயாலஜி படித்தவள் தராசு வைத்து மால்ட் அளந்துகொண்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கிற காப்பெல்லில் எங்கள் நட்பு வட்டத்தில், "பியர் கடைக்கா போறே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். பாலை உறைய வைப்பதும் பியரைப் புளிக்க வைப்பதும் நுண்ணுயிர் பார்க்கிற வேலைதான்.

சேகர் சார் சென்னைக்காரர். கேஸ் ஸ்டேஷன் என்று இங்கே சொல்கிற பெட்ரோல் பங்க் இரண்டு நடத்தியவர், இந்தக் கடையை ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியிருந்தார். ஒருநாள் சொன்னார்: "மேடம், நம்ம கடை பேர்ல ஹாப்ஸ் தூக்கலா ஒரு ஆம்பர் ஏல், அதான் அந்தச் செம்பழுப்பு பியர், டிசைன் பண்ணுங்க. எக்ஸ்ட்ராக்ட் கிட். க்ளிக் ஆச்சுன்னா பேக்கிங்குக்கு வேற ஆள் போட்டுட்டு உங்கள ரெசிபிக்கே வெச்சுக்கறேன். பாக்ஸ்ல உங்க பேரையும் போடறோம்."

எக்ஸ்ட்ராக்ட் என்றால், மால்ட்டிலிருந்து இறக்கிய சாற்றைக் கம்பெனியே பாகு பதத்துக்குச் சுண்ட வைத்து டின்னில் அடைத்துத் தருவது. வாங்குகிறவர் அதைத் தண்ணீரில் கரைத்து ஹாப்ஸோடு கொதிக்க வைத்தால் போதும். ரொம்ப வசதி. ஆனால் டின்னுக்குள் என்னென்ன தானியம் எவ்வளவு போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால் நான் வைத்துக்கொண்ட முதல் விதி: டின் எப்போதும் லைட் எக்ஸ்ட்ராக்ட்தான். நிறமும் கேரமல் ருசியும் நாமே பார்த்துப் போடுகிற தானியத்திலிருந்து வர வேண்டும். கேரமல் தித்திப்புக்கு கிரிஸ்டல் மால்ட் பன்னிரண்டு அவுன்ஸ், சிவப்பு தட்டுவதற்கு சாக்லேட் மால்ட் இரண்டு அவுன்ஸ். இரண்டையும் நொறுக்கித் துணிப்பையில் கட்டி, 155 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட வேண்டும். கொதிக்க விட்டால் தோலின் துவர்ப்பு இறங்கிவிடும். பாகில் பாதியை ஆரம்பத்திலும் மீதியைக் கடைசிப் பத்து நிமிஷத்திலும் ஊற்றினால் கருக்காது.

முதல் ட்ரையலில் ஹாப்ஸில் கோட்டை விட்டேன். ஹாப்ஸை நேரம் போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும், வாசனை பறந்துவிடும். நான் முக்கால்வாசியை முதலிலேயே கொட்டிவிட்டேன். பியர் ருசி எனக்கு அப்போது பழகாததால் அது தெரியாமல், ஆளுக்கொன்று செய்து எடுத்துவருகிற காப்பெல் பாட்லக் விருந்துக்கு அந்த பியரை எடுத்துப்போனேன். குடித்தவர்கள் பதினேழு பேர். பதினேழு பேரும், "சூப்பர் வசந்தி! கடையில வாங்கின மாதிரியே இருக்கு!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விருந்து முடிந்து கப்புகளைப் பொறுக்கும்போதுதான் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால் பாதி கப். வீட்டுக்கு வெளியே பேட்டியோவில் பூந்தொட்டிக்குள் ஊற்றிய ஈரம். பாத்ரூம் சிங்க் ஓரத்தில் தொடாத கப் ஒன்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடப்பாவிகளா, கசக்கிறது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லக் கூடாதா? நம் ஆட்கள் செய்து கொண்டுவந்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள். உப்பில்லாத சாம்பாருக்கும் சூப்பர்தான்.

அதற்குப் பிறகு நான் யாரையும் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. கப்பை மட்டும் பார்த்தேன். ஆரம்பத்தில் கசப்புக்குக் கொஞ்சம், கடைசிப் பத்து நிமிஷத்தில் நிறைய, புளித்து அடங்கியபின் பக்கெட்டிலேயே இரண்டு அவுன்ஸ் என்று ஹாப்ஸை மாற்றினேன். நான்காவது ட்ரையலில் எல்லா கப்பும் காலி. அதைத்தான் ரெசிபியாக எழுதிக் கொடுத்தேன்.

3. பாத்துக்கலாம் சார்

கிட் நன்றாகவே ஓடியது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் பேக்கிங் டேபிள் பக்கத்தில் ஒரு பேலட், சரக்கு அடுக்குகிற மரத்தட்டு, நிற்கிறது. அத்தனையும் ஆம்பர் எக்ஸ்ட்ராக்ட் டின். கடையை வாங்கும்போதே ஸ்டோர் ரூமில் கிடந்த சரக்கு. மேலே தூசி, அடியில் தேதி முடிந்த முத்திரை.

"ஆம்பர் கிட்டுக்கு இனிமே இத போடுங்க மேடம்" என்றார் சேகர் சார். "ஆம்பர் ஏல்ல ஆம்பர் எக்ஸ்ட்ராக்ட் போட்டா இன்னும் ஆம்பராத்தானே வரும்?"

அந்த டின்னிலேயே கிரிஸ்டல் மால்ட் இருக்கிறது, அதன்மேல் என் கிரிஸ்டலும் சேர்ந்தால் வெறும் பாயசம்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பழைய பாகு டின்னுக்குள்ளேயே கருத்து வாடை பிடித்துவிடும், அந்தத் தித்திப்பில் ஹாப்ஸ் அமுங்கிப்போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சம் பழசா இருக்குதுங்க சார்."

"வெறும் சுகர் மேடம். அது எங்க கெட்டுப் போகப்போகுது?"

"சரிங்க. பாத்துக்கலாம் சார்."

என் கையாலேயே பேக் பண்ணினேன். என் பெயர் போட்ட லேபிளையும் நானே ஒட்டினேன்.

4. வெய்னின் நோட்டு

இப்போது கவுண்டருக்கு வருவோம். சேகர் சார் சிரித்த முகமாக ஆரம்பித்தார். "பாகு ஊத்தறப்ப அடுப்ப அணைச்சீங்களா? இல்லன்னா அடிப்பிடிக்கும். புளிக்கிற ரூம்ல சூடு ஜாஸ்தியா? சாமான்லாம் சரியா சானிடைஸ் பண்ணீங்களா?"

வெய்ன் முகத்திலிருந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தேதி, டெம்பரேச்சர், ஈஸ்ட் போட்ட நேரம் எல்லாம் மெக்கானிக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் தப்பைத் தேட ஆரம்பித்தார். "ரெண்டாவது பேட்ச்ல ஒருநாள் எழுபத்தி ரெண்டு டிகிரி போயிருக்கு" என்றார், குற்றம் செய்தவர் மாதிரி.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

"நோட்டை மூடுங்க வெய்ன். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல. என் ரெசிபி லைட் எக்ஸ்ட்ராக்ட். உங்க பெட்டியில போனது தேதி முடிஞ்ச ஆம்பர் டின்."

"மேடம்! கஸ்டமர் முன்னாடி என்ன பேசறீங்க?" என்றார் சேகர் சார் தமிழில்.

"உள்ளதத்தானுங்க பேசறேன்."

வெய்ன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். பேக் பண்ணினதே நான்தான்."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

ஒரு ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டேன்.

அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம். சேகர் சார் கத்தினார், நானும் கத்தினேன். அவர் ஆத்திரத்தில் கேட்ட ஒரு கேள்வி இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. "வேணாம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா மேடம்? சரின்னுதானே சொன்னீங்க?"

அந்த மனிதர் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் இதில் அவர் சொன்னது நிஜம். பூந்தொட்டியில் பியரை ஊற்றிவிட்டு சூப்பர் என்றார்களே அந்தப் பதினேழு பேர், அவர்களோடு பதினெட்டாவது ஆள் நான். அவர்களாவது ஒரு கப்பைத்தான் வீணாக்கினார்கள். நான் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கே உலை வைத்திருந்தேன்.

"மூணு கிட் புதுசா, லைட் எக்ஸ்ட்ராக்ட் போட்டு, இப்பவே அவருக்குக் குடுக்கணும். இல்லீன்னா பொட்டிமேல இருக்கிற என் பேரைக் கிழிச்சுப்போட்டுட்டு இன்னைக்கே கெளம்பறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

5. காலி கப்

அந்த சனிக்கிழமை நானே வெய்ன் வீட்டு கராஜுக்குப் போனேன். நாள் கணக்கு இடித்தது. இரண்டு வாரம் புளிக்க வேண்டும், ஹாப்ஸ் ஊற நான்கு நாள், கெக் என்கிற பீப்பாயில் கேஸ் ஏற ஒரு வாரம். இன்னொரு தடவை சொதப்பினால் கல்யாணத்துக்குக் கடையில்தான் பியர் வாங்க வேண்டும். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை மூன்று பேட்ச்சையும் அடுத்தடுத்துக் காய்ச்சினோம். ஒவ்வொரு டின்னையும் திறப்பதற்கு முன் வெய்ன் திருப்பிப் பார்த்து, "லைட்" என்று சத்தமாகப் படித்தார். என்னை நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

கல்யாணம் அவர்கள் வீட்டு பேக்யார்டில் நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார். பியர் எப்படி இருக்கிறது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. மேஜை மேஜையாக நடந்து கப்புகளைத்தான் பார்த்தேன். வேலியோரம் பார்த்தேன். ரோஜாச் செடி அடியில் குனிந்துகூடப் பார்த்தேன், ஒரு அம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். எல்லாம் காலி. கேக் வெட்டுவதற்கு முன்பே முதல் கெக் தீர்ந்துபோய், வெய்ன் வேர்க்க வேர்க்க இரண்டாவதை உருட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண் கையில் கப்போடு அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஹாப்ஸ் அளவு தப்பினால் அடுத்த பேட்ச்சில் திருத்திக்கொள்ளலாம். தெரிந்திருந்தும் சொல்லாமல் தலையாட்டினால், அதை இன்னொருத்தர் தன் நோட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை சேகர் சார் நல்ல மூடில் இருந்தார். வெய்ன் போன் பண்ணியிருந்தாராம். "ஆம்பர் கிட்டை மறுபடி போடுவோம் மேடம், உங்க பேரோட, உங்க லைட் எக்ஸ்ட்ராக்டோட. இனிமே நீங்க ரெசிபிதான்" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "அந்த பேலட் மட்டும் இன்னும் நிக்குது. ஸ்டவுட் கிட்ல போட்டா தெரியாதுல்ல? கருப்பு பியர்தானே. என்ன சொல்றீங்க, பாத்துக்கலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

சாரும் சேர்க்கவில்லை, ங்கவும் சேர்க்கவில்லை. பேலட்டைத் தூக்கும் ஜாக் வண்டியை எடுத்துவந்து அந்த டின்களை நானே பின்பக்கக் குப்பை டம்ப்ஸ்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சேகர் சார் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.