அசையாத தண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிது. ஒரு மாலை மகளோடு கால்வாய்க் கரையில் நடந்தபோது அவளுடைய செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. குப்பையை மறிக்கக் கால்வாயின் குறுக்கே ஒரு மிதவை கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் மெல்லிய எண்ணெய்ப் படலம். செருப்பு அதன்மேல் அசையாமல் கிடந்தது. பக்கத்திலிருந்த இலைகூட அசையவில்லை.

“நான் எடுக்கட்டா அம்மா?” என்றாள் மகள்.

தண்ணீர் எங்களூர்க் குளம்போல நிற்பதைப் பார்த்து, ஓம், எடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய உடுப்பு ஊத்தையாகுமே என்றுதான் நானே படியில் இறங்கினேன்.

வீதியில் நின்ற சிங்கள ஓட்டோக்காரர் “எப்பா! எப்பா!” என்று கத்தினார். செருப்பு எப்ப விழுந்தது என்று கேட்கிறார் என நினைத்தேன்.

“இப்பத்தான்!” என்று சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் கால் வைத்தேன்.

அடியில் யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. இடுப்புவரை மிதவைக்குக் கீழே போய்விட்டேன். ஓடிவந்த ஓட்டோக்காரர்தான் கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். என் செருப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மகளுடையது மேலே அதே இடத்தில் கிடந்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் என் கணவர் நடந்ததைக் கேட்டதும் வெளிறிப்போனார். “எண்ணெயும் சவுக்காரமும் மிதவையில முட்டிப் பாலாடை மாதிரி இறுகி நிண்டிடும். மேல்தண்ணி அசையாது. கீழ தண்ணி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.”

“‘எப்பா’ எண்டா என்னப்பா?”

“வேண்டாம் எண்டு அர்த்தம்.”

இப்போது எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் சந்தையில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், மகளுக்கு நான் சொல்ல வாயெடுத்த அந்த ‘ஓம்’தான் என் காதில் விழுகிறது.