ஆதிராவுக்கு எடுத்துக் கொடுத்த தேங்காய்

பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தேங்காய் விற்கிற வேலப்பனின் மகள் பொன்செல்வி சட்டப் படிப்பை முடித்துவிட்டாள். முடித்த பிறகுதான் தலைவலியே. டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி, ஒப்பந்தங்களைப் படித்துப் பிழை பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஏசி அறை, மாதம் பிறந்தால் சம்பளம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வக்கீலாகப் போனாலோ, பெரிய வக்கீல் யாருக்காவது பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதைத் தூக்கவும் யாராவது கூப்பிட வேண்டுமே!

ஆதிராவை யாரும் கூப்பிட வேண்டாம். அவள் அப்பாவே வஞ்சியூர் கோர்ட்டில் பெரிய வக்கீல். பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் பொன்செல்வியிடம் வந்து பாடம் கேட்டுக்கொண்டு போனவள்தான் இந்த ஆதிரா. மதிப்பெண்ணிலும் பொன்செல்விக்குப் பின்னால்தான். இருந்து என்ன? கறுப்பு அங்கி முதலில் ஏறியது அவள் தோளில். அந்தப் போட்டோவை ஃபோனில் பார்த்ததிலிருந்து பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்கு வக்கீல் வேலையே பிடிக்கல்ல" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிடிக்காத வேலைக்கு எவளுக்காவது இப்படி வயிறு எரியுமா?

காலையில் அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் கடை முன்னால் கார் வந்து நின்றது. வெள்ளை உடுப்பும் கழுத்துப் பட்டையுமாக ஆதிரா இறங்கினாள். இந்த ஊரில் எதைத் தொடங்கினாலும் இந்தப் பிள்ளையாருக்கு ஒரு காய் உடைத்துவிட்டுத்தான்.

"எடீ பொன்னே, இன்னைக்கு என் முதல் கேஸ். நல்ல காயா ஒண்ணு எடுத்துத் தாடீ. நீ எடுத்தா தப்பாது."

பொன்செல்வி ஒரு காயைக் குலுக்கினாள். தண்ணீர் தளும்பவில்லை. கண் பக்கம் கசிந்திருந்தது. கெட்ட காய் என்று தெரிந்தேதான் நீட்டினாள். திரும்ப வாங்கிவிடலாம் என்று கை போனது. ஆதிராவின் கையில் மடித்துப் போட்டிருந்த அங்கியைப் பார்த்ததும் அந்தக் கை காசை மட்டும் வாங்கிக்கொண்டது.

கோயில் வாசலில் காய் உடைந்தது. நாற்றம் கடைவரைக்கும் வந்தது. அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், ஆதிரா சிரித்துக்கொண்டு வருகிறாள்.

"அழுகல்டீ! அங்கே நின்னவங்க சொல்றாங்க, திருஷ்டியெல்லாம் போயாச்சுன்னு. யாருக்கோ என் மேல நல்ல அசூயை!"

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். பொன்செல்வி கண்ணடியைக் கையாலேயே எடுத்துக் கொடுத்தும் பலிக்கவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. அதைவிட எரிச்சல்தான் அதிகம். கெட்டது செய்தாலும் இந்தக் கழுதைக்கு நல்லதாகவே முடிகிறதே!

ஆதிரா காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். "நீ அந்தக் கம்பெனிக்கே போயிடு, கேட்டோ. கோர்ட்ல நீ எனக்கு எதிரா நின்னா நான் எங்கே ஜெயிக்க? பொன்னு வராதது என் பாக்கியம்னு அச்சன்கிட்ட நேத்தே சொன்னேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்ததும் பொன்செல்விக்குப் பல நாளைக்குப் பிறகு பசித்தது.

கார் போன பின் வேலப்பன் வந்தார். "மக்களே பொன்னு, கம்பெனிக்குப் பதில் சொல்லியாச்சா?"

"சொல்லப் போறேன்ப்பா. வரல்லன்னு."

"அப்போ யாருக்க ஃபைல தூக்கப் போற?"

"ஆதிரா அப்பாவுக்கு எதிரா எந்த வக்கீல் நிக்காரோ, அவருக்க ஃபைல."