தங்கச்சி இல்லைங்க

சனிக்கிழமை நடந்தது, வரிசைப்படி:

1. மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தோம். நடு வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை.
2. விளம்பரம் ஓடும்போது ஓர் அம்மா வந்து, எங்களில் ஒருவரை எழுந்து முன்வரிசைக்குப் போகச் சொன்னார்.
3. என்னோடு வந்தவர் சரி என்றார்.
4. நான் முடியாது என்றேன்.
5. நீங்கள் இருவரும் யார் என்று அந்த அம்மா கேட்டார். என்னோடு வந்தவர் பொய் சொன்னார்.
6. நான் உண்மையைச் சொன்னேன். நினைத்ததைவிடச் சத்தமாக.
7. படம் ஓடி முடிந்தது.

ஏழாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படம் சுமார். ஆறாவதைப் பற்றி எங்கள் திருச்சபையில் பலர் என்னைவிட விவரமாகச் சொல்வார்கள். நான் தியேட்டரில் எழுந்து நின்று பிரசங்கம் செய்ததாகக்கூட ஒரு கதை உலவுகிறது. நான் எழுந்து நிற்கவில்லை. எழுந்தால் இருக்கை போய்விடும் என்பதுதானே பிரச்சினையே.

முதலில் என்னோடு வந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அவர் எங்களுக்கு ரப்பர் வளையங்கள் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனியின் பொறியாளர். அவருடைய சரக்கை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படித்தான் பழக்கம். மற்ற கம்பெனிக்காரர்கள் சரக்கு திரும்பி வந்தால் போனில் கத்துவார்கள், இல்லையென்றால் எங்கள் மேலாளரைப் பிடிப்பார்கள். இவர் நேரில் வருவார். வளையத்தை என் மேஜைமேல் வைத்துத் தானே அளந்து பார்த்துவிட்டு, "ஆமா மேடம், எங்க தப்புதான்" என்பார். ஒருமுறை நாங்கள் கண்டுபிடிக்காத குறையை அவரே போன் செய்து சொன்னார். அந்த போனை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை.

படத்துக்குப் போகலாமா என்று கேட்டது நான். கேட்பதற்கு முன்பே மேலாளரிடம் போய், அவர்களுடைய சரக்கைச் சோதிக்கும் பொறுப்பை வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "ஆல் தி பெஸ்ட்மா" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அத்தனை சுலபமில்லை. சனிக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், ஒரு பையனோடு படத்துக்குப் போகிறேன், பிடித்திருக்கிறது, பேசிப் பார்க்க வேண்டும் என்றேன். அம்மா அடுப்பை அணைத்தார்.

"நம்ம சபையா?"

"இல்லம்மா."

"கிறிஸ்டியனாவது?"

"இல்லம்மா."

கல்லில் பாதி வெந்த தோசையை அம்மா சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டார். "சரி. அப்பாகிட்ட ஆபீஸ் டீமோட போறேன்னு சொல்லிட்டுப் போ."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? இன்னும் ஒன்னுமே ஆகல. ஒன்னும் ஆகாததுக்கு எதுக்கு அவர் பிரஷர ஏத்துற?"

அம்மா பள்ளி ஆசிரியை. வாதத்தில் ஓட்டை இருக்காது. ஆனால் இந்த வாதத்துக்குத் தலையாட்டியவர்களை எனக்குத் தெரியும். என் தோழி ஒருத்தி கல்யாணப் பேச்சு எழும்வரை தன் காதலனை வீட்டில் 'டியூஷன் அக்காவோட தம்பி' என்றே சொல்லிவந்தாள். அப்படி ஒரு டியூஷன் அக்காவே கிடையாது. அந்த அக்காவுக்குக் கல்யாணம், பிரசவம் எல்லாம் அவளே பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஷிப்டு வேலை பார்க்கும் எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பிடித்த ஒருவரோடு, பட்டப்பகலில், ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு படம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார். "வந்து நானே சொல்லிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறினேன்.

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலைமேல் இருக்கும் மால். அவர் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு நின்றிருந்தார். அரைநாள் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"லேட்டாயிடலையே மேடம்?"

"இங்க மேடம் வேணாமே."

"சரி மேடம்."

பாப்கார்ன் கடையில், "சால்ட்டா, கேரமலா மேடம்?" என்று கேட்டார். விற்பவர் என்னை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கூடுதலாக ஒரு கோப்பை அள்ளிப் போட்டார்.

டிக்கெட் எடுக்கும்போதே மூலை இருக்கை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒளிந்து உட்கார்ந்து பார்க்க நான் வரவில்லை. அந்த நடு வரிசையில் நாங்கள் உட்கார்ந்து, கைப்பிடியில் யார் முழங்கையை வைப்பது என்று இருவருமே விட்டுக்கொடுத்து, கடைசியில் யாருமே வைக்காமல் இருந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். பட்டுப் புடவை, பின்னால் மகன், மருமகள், ஒரு குழந்தை.

"தம்பி, கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கிறியா? எங்க வூட்டுக்காரரு முன்னாடி ஒத்தையில உக்காந்துகினு கீறாரு. நீ அங்க போயிட்டீன்னா அவரு இங்க வந்துடுவாரு."

"தாராளமா ஆன்ட்டி" என்று அவர் பாப்கார்னோடு எழுந்துவிட்டார்.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். அன்று நாங்கள் தொட்டுக்கொண்டது அந்த ஒருமுறைதான். "இல்லைங்க, முடியாது. நாங்க சேர்ந்து வந்திருக்கோம்."

"நாங்களுந்தான் சேர்ந்து வந்துகீறோம். யாரும்மா இவரு, வூட்டுக்காரரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "தங்கச்சி ஆன்ட்டி."

"அப்புறம் இன்னா? அண்ணன் மூஞ்சியத்தான் தெனம் வூட்ல பாக்குதே. நீ போ தம்பி."

அந்தப் பொய்யின் விலை அவருக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி, முகமெல்லாம் வியர்த்து, "நான் வேணா முன்னாடி போயிடறேன் மேடம்" என்றார்.

அந்த அம்மாவின் புருவம் ஏறியது. "தங்கச்சிய எவனாச்சும் மேடம்னு கூப்பிடுவானா?"

அளவு தவறியதைத் தானே போன் செய்து சொன்ன மனிதர் இவர். இவரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அம்மாமேல் போய் விழுந்தது.

"தங்கச்சி இல்லைங்க. எங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் பிடிக்குமான்னு பாக்க வந்திருக்கோம். இதுதான் முதல் தடவை. தனித்தனியா உக்காந்தா எப்படிங்க தெரியும்?"

நான் இதைத் தொடங்கியபோது நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவிலேயே அது முடிந்து, தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்து நிற்கும் அந்த நிசப்தம் வந்துவிட்டது. ஆகவே கடைசி மூன்று வாக்கியமும் தியேட்டர் முழுக்கக் கேட்டன.

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்க்கா. நீங்க உக்காந்தா நாங்களும் படத்தப் பாப்போம்." பலர் சிரித்தார்கள். மருமகள் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, "உக்காருங்க அத்தை" என்றார். அந்த அம்மா என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர். இருவரும் திரையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

இடைவேளையில் என்னோடு வந்தவர் தண்ணீர் வாங்கப் போனார். அவசரமாகப் போனார். முன்வரிசையிலிருந்த அந்த அம்மாவின் கணவர் எழுந்து திரும்பி, "எனக்கு இங்கியே நல்லா கீது, கூப்டாத" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். அந்த அம்மா அதைக் கேட்காததுபோல் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்ற அறிவிப்பு அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா வேல பாக்குறாரு?"

"ரப்பர் வளையம் செய்ற கம்பெனில."

"வளையமா?" சற்று யோசித்தார். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

முறுக்கு வாயில் இருந்தது. மென்று முடிக்க வேண்டியதாயிற்று. "சாயங்காலம் சொல்லிடுவேன்."

"ம்ஹும். சொல்லு பாப்போம்" என்றார். பந்தயம் கட்டுகிற தொனி.

படம் முடிந்து வெளியே வந்து, நகரும் படிக்கட்டின் கீழே நின்றோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னுதான்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே கிளம்பியிருப்பேன்.

"பயந்துட்டேன்" என்றார். "வேற காரணம் ஒன்னும் இல்ல. என் தப்புதான்."

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுப்பா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மறுநாள் ஆராதனைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து கண்ணால் வேண்டாம் என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே போய்விடுவேன் என்று தெரியும்.

"அப்பா, மத்தியானம் படத்துக்குப் போயிருந்தேன். ஒரு பையனோட. பிடிச்சிருக்கான்னு பாக்க."

இஸ்திரிப்பெட்டி சட்டையின் ஒரே கைமேல் போய்வந்துகொண்டே இருந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்ப எனக்குத்தான் கடைசி." பிளக்கைப் பிடுங்கிவிட்டு அறைக்குள் போய்விட்டார். இரவு சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்கா ஒருவர் அப்பாவை நிறுத்தினார். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நேத்து தியேட்டர்ல நம்ம பாப்பாவப் பாத்தேன். ஒரு பையன் கூட." அவர் தியேட்டருக்கு எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "தெரியும்மா. எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

ஒரு நிமிடம் எனக்கு அழுகை வந்தது. இதற்கு முன் அப்பா எனக்காகப் பொய் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. ஆனாலும் சொன்னேன்: "அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேன்க்கா. அப்பாகிட்ட வந்த பிறகுதான் சொன்னேன்."

அக்கா போன பிறகு அப்பா ஸ்கூட்டர்வரை வேகமாக நடந்தார். "உன்னக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னேன்? சும்மா இருக்க முடியாதா உன்னால?"

"எதுலேருந்துப்பா காப்பாத்துனீங்க?"

சாவியைப் போட்டவர் திருகவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன். வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. "ஏறு" என்றார்.

அதன் பிறகு இன்னும் இரண்டு படம் பார்த்துவிட்டோம். இரண்டு முறையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அம்மா இன்னும் மதத்தைப் பற்றித்தான் பேசுகிறார். என்னோடு வந்தவரும் தன் வீட்டில் சொல்லியிருக்கிறார், அங்கே நிலைமை இதைவிட மோசம். கல்யாணம் பற்றி நாங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை.