அத்தை கேட்ட சாம்பிள்

அத்தை அப்போது பிள்ளைகளின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதென்று அப்பா தடையே போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் மந்தைவெளி ஃபிளாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாள். மூடியிலேயே குட்டிக் கரண்டி ஒட்டியிருந்தது. மறுநாள் காலை எதை அதில் போட்டுத் தர வேண்டுமென்று அவள் கூச்சமில்லாமல் விளக்க, ஒன்பது வயதுக்காரியான நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விடிந்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், யாரோ வீடு கட்டக் கொட்டி மறந்துபோன மணலில், ஒரு நாய்க்குட்டி வளர்ந்துவந்தது. பள்ளி விட்டு வந்தால் நானும் அந்த மணலில்தான் கிடப்பேன். டப்பாவோடு கீழே இறங்கினேன்.

"இன்னா பாப்பா, காலங்காத்தால நாய் பின்னாடியே சுத்திக்கினு கீற?" என்றார் வாட்ச்மேன்.

"சும்மா" என்றேன்.

என் பெயரை அழகாக எழுதி ஒட்டி, அத்தையிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

மறுநாள் மாலை, அத்தை தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் என்னைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"அது யாரோடது?"

"என்னோடதுதான்."

"பொய் சொல்லாதே. மைக்ராஸ்கோப்புல முட்டையைப் பார்த்தேன். அந்தப் புழு நாய் வயித்துலதான் முட்டை போடும், மனுஷங்க வயித்துல போடாது."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை!" அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. குட்டி எங்கே படுக்கும், நான் எங்கே விளையாடுவேன், கை கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவேனா என்று கேட்டுக்கொண்டே போனாள். பிறகு என் ஒரு கண்ணைப் பொத்தி, எதிர்த்த தையல் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னாள். அடுத்து மற்றக் கண்ணை. திரும்பவும் முதலில் இருந்து.

அந்த வாரமே குட்டிக்கு மருந்து கொடுத்தார்கள். மணலை வாரிப் போனார்கள். என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சொட்டு மருந்து விட்டார்கள். எல்லாம் எனக்கான தண்டனை என்றே நம்பினேன். அந்த முட்டை மணலிலிருந்து கை வழியாக வாய்க்குப் போகலாம், பொரிந்து வரும் புழு வழி தெரியாமல் உடம்பில் அலைந்து, எப்போதாவது கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுத்துவிடலாம் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒன்றும் இல்லை, கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தை பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னால் ஆராய்ச்சி கெட்டுப்போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதீங்க அத்தை, நாளைக்கு என்னோடதே தரேன்" என்றேன்.


அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.