ரோமாபுரிச் சாலையும் ஒரு மழை நாளும்

அமீரகத்தில், புஜைரா மலைப்பாதையில் எனக்குச் சாலைப் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை. அப்படிப்பட்ட எனக்கே ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரோடு போடப் பாடம் எடுத்தாள். பள்ளி ப்ராஜெக்ட்டாம், பழைய ரோமாபுரிச் சாலை. வீட்டு மீன்தொட்டியைக் காலி செய்து, அடியில் பெரிய கல், மேலே சுண்ணாம்பு கலந்த ஜல்லி, அதன்மேல் மணல், உச்சியில் பலகைக் கல் என்று அடுக்கியிருந்தாள். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் வடிகால் பள்ளம்.

"ரெண்டாயிரம் வருஷம்ப்பா! சிலதுல இன்னும் நடக்குறாங்க. தண்ணி நிக்காம டிட்ச்ச க்ளீனா வச்சா ரோடு சாகாது."

"அவங்க ரோட்டுல டிரெய்லரா ஓடுச்சு? போடி" என்று நக்கலடித்தேன்.

அந்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை என்றால் திருவிழா. போலீஸ் தடுத்தாலும் கேட்காமல், ஊரே காரை எடுத்துக்கொண்டு மலை ஓடையில் வெள்ளம் பார்க்கப் போகும். நாங்களும் ஃப்ளாஸ்க்கில் டீ, டப்பாவில் பஜ்ஜி சகிதம் கிளம்பினோம். நம்ம ரோடுதானே என்ற தெனாவெட்டில் ஓடைப் பக்கத்து ஓரத்திலேயே காரை நிறுத்தினேன்.

மகள் விருட்டென்று இறங்கி ஓடினாள்.

"ஏய், நனையாத! சளி பிடிக்கும். கார்ல போய் உக்காரு!"

கேட்டால்தானே? கொஞ்ச தூரம் தள்ளிக் குனிந்து நின்று கத்தினாள். "அப்பா, டிட்ச்சையே காணோம்! வந்து பாருங்க, ப்ளீஸ்!"

காதைத் திருகி இழுத்து வரத்தான் போனேன். மனைவியும் குடையோடு பின்னால் வந்தாள். போன வாரம் திறந்திருந்த வடிகாலை, காய்ந்து கிடந்த ஓடையில் இறங்கிக் கறி சுட வந்த யாரோ, கார் இறக்குவதற்காக மண் தள்ளி மூடியிருந்தார்கள். பாவிகளா! போக வழியில்லாத தண்ணீர் சாலைக்கு அடியில் புகுந்து ஜல்லியை அரித்துக்கொண்டிருந்தது.

பின்னால் மடாரென்று சத்தம். திரும்பினேன். தார் விளிம்பு அப்பளமாக நொறுங்கியது. எங்கள் கார் பின்சீட்டுப் பக்கமாகச் சரிந்து, வெள்ளத்தில் விழுந்து, உருண்டு போயே விட்டது.

மனைவி நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் முகத்தைப் பார்த்து மிரண்டு போயிருந்தாள்.

"சாரிப்பா. நனஞ்சுட்டேன். திட்டாதீங்க."