லொறியின் கழுத்துப் பட்டி

எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் ஒரு தோல் பெல்ட் தொங்குகிறது. ஒரு காலத்தில் பச்சை நிறம். இப்போது மடிப்புகளுக்குள் மட்டும்தான் பச்சை மிச்சமிருக்கிறது. நுனியில் கடைக்காரன் போட்ட ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றிலிருந்து வெகுவாகத் தள்ளி, காய்ச்சிய ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று, ஓரம் கருகிக் கோணலாகக் கிடக்கிறது. அந்த நல்ல ஓட்டைகள் என் அண்ணனுக்கு. கோணல் ஓட்டை லொறிக்கு. லொறி என்பது ஒரு நாய்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களான எங்களுக்கு ஓட்டுரிமை இல்லாமல் போன வருசங்கள் அவை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போன அண்ணன்மேல் மண் சரிந்து விழுந்துவிட்டது. காரியம் முடிந்ததும் செத்தவரின் உடுப்புகளைச் சலவைக்காரருக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மதினி வேட்டி, சட்டை, பழைய கோட்டு எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்தார். பெல்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. "செத்தவன் சாமான வச்சிருந்தா அவன் தேடிக்கிட்டு வந்துருவான், ஆமா" என்று லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். மதினி பெல்ட்டைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அதோடு அவர் பேச்சே நின்றுபோயிற்று.

அழுதிருந்தால் தேவலை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அழுகை வரவில்லை. கையில் அடிபட்டு மரத்துப்போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. மதினி தன் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். வைத்த சோறு அப்படியே இருக்கும். விடிகாலையில் வேலைக்கு எழுப்பும் தப்பு மேளச் சத்தம் கேட்கும், லயமே எழுந்து பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும், அவர் கிடப்பார். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலைக்கு வராம இந்த மாசம் தாண்டிருச்சுன்னா பேர வெட்டிருவாங்கடா. பேரு போனா காம்பராவும் போயிரும். அந்தப் புள்ள எங்கிட்டுப் போகும்?" என்றார்.

அந்த மாதம்தான் கினிகத்தேனைப் பக்கமிருந்து வந்த அரிசி லொறியில் ஒரு செவலை நாயும் வந்து இறங்கியது. லொறி திரும்பிப் போய்விட்டது, நாய் போகவில்லை. அதன் பேரே லொறி என்றாயிற்று. மழைக்கு ஒதுங்க வந்தது மதினியின் காம்பராவுக்கு. அந்த லயத்தில் அதை விரட்டாத ஒரே ஆள் அவர்தான். விரட்டுவதற்கும் எழ வேண்டுமே. தின்னாத சோற்றைத் தின்றுவிட்டு அவர் காலடியில் சுருண்டுகொண்டது.

அதற்குத் தப்புச் சத்தம் ஆகாது. சத்தம் கேட்டதும் மிரண்டு, கம்பளியைப் பல்லால் கவ்வி இழுக்கும், உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்வதற்கு. மதினி இழுத்துப் போர்த்துவார். அது மறுபடி இழுக்கும். ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார். ஒருநாள் அதற்காக அடுப்பைப் பற்றவைத்தார். பிறகொரு நாள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் போட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பெரட்டுக்குப் போகிறார். பின்னால் லொறி போகிறது. கொழுந்து எடுக்கும்போது அவர் நிரையிலேயே செடிக்கடியில் படுத்திருக்கும். சோறு பாதி அதற்கு, பாதி அவருக்கு. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அப்புறம் தோட்டத்துத் துரையின் பங்களா நாயை ஒரு வெறிநாய் கடித்துவிட்டது. லயத்து நாய்களையெல்லாம் சுட்டுவிடச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். மறுநாள் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, யாழ்ப்பாணத்துக்காரர், மதினியின் காலடியைப் பார்த்துவிட்டு, "இது ஆருடைய நாய்? இஞ்ச ஏன் கொண்டு வந்தனீர்?" என்றார்.

மதினி கூடையை இறக்கி அவர் முன்னால் வைத்தார். எத்தனையோ நாள் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று வந்தது. "அய்யா, இதச் சுட்டீங்கன்னா நாளைக்கு எம்பேரயும் வெட்டிருங்க. இது இழுக்காட்டி நான் எந்திரிக்க மாட்டேன்."

கண்டாக்கையா குடையின் நுனியால் மண்ணைக் கிளறினார். "கழுத்தில பட்டி இல்லாத நாயளைத்தான் சுடச் சொன்னது. விளங்குதோ?" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அன்று மாலை மதினி தலைமாட்டிலிருந்து அந்தப் பெல்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆணியைக் காய்ச்சினேன். வாரை வெட்ட மதினி விடவில்லை. இரண்டு சுற்றாகச் சுற்றி மாட்டினோம். காவல்காரன் துப்பாக்கியோடு வந்தபோது லொறி வாசலில் பெரிய மனிதனைப்போல உட்கார்ந்திருந்தது. பார்த்த பெண்கள், "சொன்னோம்ல, பெல்ட்டத் தேடி அண்ணனே வந்துருச்சு. தெனம் எழுப்பி வேலைக்கு அனுப்புதுல்ல?" என்றார்கள்.

"அட போங்கடி," என்றார் மதினி. "அந்த மனுசன் ஒருநாளாச்சும் எனக்கு முந்தி எந்திரிச்சிருக்காரா? இது நாயிதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. அன்றுதான் அழுதார்.

லொறி கிழடாகித்தான் செத்தது. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் புதைத்தோம். மறுநாள் தப்பு அடித்தபோது மதினி எழுவாரா என்று நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் காம்பராவில் கதவு திறந்தது. "தம்பி, தண்ணி கொதிக்குது, எந்திரி" என்று குரல் வந்தது.

இப்போது மதினியும் இல்லை. அவர் சேலைகளைக் கொடுத்துவிட்டோம். பெல்ட்டை நான் கொடுக்கவில்லை. சாமானை வைத்திருந்தால் தேடிக்கொண்டு வருவார்கள் என்றார்களே. ஆணியில் அது அப்படியேதான் தொங்குகிறது. விடியற்காலையில் விழிப்பு வந்த பிறகும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிடக்கிறேன், ஒரு மூலையை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு.