ஓவர்சியரின் காகிதத்தில் ஒரு சிவப்புத் துணி

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆர்மோனியம் சுப்பையா அண்ணன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வருவதற்கு முன்பே ஏதாவது கேலி பேசுகிறவர் அன்று நேரே விஷயத்துக்கு வந்தார். "ஓவர்சியர் போயிட்டாரும்மா. விடியக்காலையில நெஞ்சு வலி" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்னவென்று கேட்டாள். நான்தான் சொன்னேன். கத்தரிக்கோலை இன்னும் கையில் பிடித்திருக்கிறேன் என்பது வெகுநேரம் கழித்தே தெரிந்தது.

ஓவர்சியர் பொன்னுசாமி ஐயாவை நம் காஜா பெராங் பகுதியில் தெரியாதவர்கள் குறைவு. தார்ச் சடக்கு போடும் இடத்திலும் பாலம் கட்டும் இடத்திலும் காக்கிக் கால்சட்டையோடு அவர் வெயிலில் நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவரைத் தெரிந்தது நம் குழுவின் பாட்டு நாடகத்தால். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தையல் மெஷினோடு வீட்டில் இருப்பவள் நான். நாடகத்தில் என் பங்கு உடுப்புத் தைப்பது மட்டும்.

அதற்கு முந்திய நாடகம் நடந்த விதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அரசனின் கிரீடத்தில் பெயிண்ட் காயவில்லை என்று திரையைத் தூக்காமல் வைத்திருந்தோம். இரண்டாம் காட்சியின் பாட்டை அன்று பிற்பகல்தான் எழுதி முடித்தார்கள். அதனால்தான் மெர்டேக்கா சுதந்திர நாள் நாடகத்துக்கு அவரைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். "மாலை போட்டு உட்கார வைக்கிறதா இருந்தா வேற ஆளைப் பாருங்க. வேலை வாங்குறதா இருந்தா வரேன்" என்றார். கொண்டாட்ட வாரத்தில் மண்டபம் நமக்கு ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான் கிடைத்திருந்தது. தவறினால் வேறு நாள் இல்லை.

முதல் கூட்டத்தில் அவர் ஒரு நீளமான பழுப்புக் காகிதத்தைக் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டினார். மேலே நாள்கள். இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாட்டு, ஒத்திகை, திரைச்சீலை, உடுப்பு, விளக்கு. ஒவ்வொன்றுக்கும் நேராக, அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை ஒரு கோடு. பாலம் கட்டும்போது இப்படித்தான் செய்வார்களாம். "தூண் காயாம மேல தளம் போட முடியுமா? அதே மாதிரி பாட்டு முடியாம ஒத்திகை இல்ல. எது எதுக்குக் காத்திருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

"பார்த்துக்குங்க, ஓவர்சியர் நம்ம ராஜாவுக்கும் தார் ஊத்தப் போறாரு" என்றார் சுப்பையா அண்ணன்.

"ஊத்துவேன். முதல்ல உங்க பாட்டு எத்தனை நாள்னு சொல்லுங்க."

"அது ஆயிடும் ஐயா."

"ஆயிடும்னு ஒரு நாள் காலண்டர்ல இல்ல. நாளைச் சொல்லுங்க."

சுப்பையா அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு பன்னிரண்டு நாள் என்றார். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு என்னிடம் வந்தார். கூட்டத்தில் பெண்ணாக இருந்தவள் நான் ஒருத்தி. டவுனில் உள்ள பெரிய தையற்கடைக்கே கொடுத்துவிடலாம் என்று சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. அந்த வேலை கைவிட்டுப் போனால் எங்கள் வீட்டு அடுப்பில் அது தெரியும். முப்பது உடுப்புக்கு இருபத்தைந்து நாளாவது வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பதினஞ்சு" என்றேன். அவர் கோடு போட்டார்.

பத்தாம் நாள் பத்து உடுப்புகூட முடியவில்லை. வேலை கோட்டின்படி போகிறதா என்று அவர் வெள்ளிக்கிழமைதோறும் மண்டபத்தில் எல்லாரையும் கேட்பார். நான் தலையாட்டிவிட்டு வருவேன். இரவில் படுத்தால் அந்தக் கோடுதான் கண்முன் வந்தது. உடுப்பு வராமல் கடைசி ஒத்திகை இல்லை, ஒத்திகை இல்லாமல் நாடகம் இல்லை. என் ஒரு பொய் அந்தக் காகிதம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் மண்டபத்துக்குப் போனேன். தளபதியின் சட்டையில் மிஞ்சிய சிவப்புத் துணியில் ஒரு துண்டை, என் கோடு உண்மையில் முடிய வேண்டிய நாளில் குண்டூசியால் குத்திவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் அதைப் பார்த்த சுப்பையா அண்ணன், "எலி கொண்டாந்து வச்சிருக்கும்" என்றாராம். ஐயா சிரிக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பசியாறச் சொன்னாள். கோப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பார் என நினைத்து, மெஷினை நிறுத்தாமல் மிதித்தேன்.

"பதினஞ்சுக்கு மேல இன்னும் பத்து நாளா, தங்கச்சி?" என்றுதான் கேட்டார்.

தலையாட்டினேன்.

"நல்லது. இன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. இனிமே மாத்திக்கலாம்." கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "உன் தப்பு பாதிதான். பத்து ஆம்பளைங்க நடுவுல உன்னை நிக்க வச்சு நாள் கேட்டேன் பாரு, மீதி அது" என்றார்.

பிறகு உடுப்புகளைக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொன்னார். படைவீரர்கள் கடைசிக் காட்சியில்தான் வருகிறார்கள், அவர்கள் சட்டை கடைசியாக வரட்டும். அரசன் எல்லாக் காட்சியிலும் இருக்கிறான், அவனுடையது நாளைக்கே. "ஓரம் அடிக்க ஒரு கை கூட இருந்தா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பீபீ இந்த ஊர்ச் செட்டி சமூகத்து அம்மா; அவர்கள் தலைமுறைகளாக மலாய்தான் பேசுகிறார்கள், தமிழ் வராது. ஐயா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மலாயில் கேட்க, அவர் அன்று மாலையே தன் ஊசிப் பெட்டியோடு வந்து எங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார். டவுன் கடையின் பேச்சே எழவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போனபோது காகிதத்தின் கீழே ஒரு டின் நிறையச் சிவப்புத் துண்டுகளும் குண்டூசிகளும் இருந்தன. "வாயால சொல்ல முடியாதவங்க துணியால சொல்லுங்க. யாரு வச்சதுன்னு கேக்க மாட்டேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அடுத்த வாரம் பாட்டுக் கோட்டில் இரண்டு துண்டுகள் தொங்கின. சுப்பையா அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தன்று எல்லாம் தயார். கிரீடம் காய்ந்திருந்தது. கடைசிப் படைவீரனின் பொத்தானும் தைத்தாகிவிட்டது. ஏழு மணிக்குத் திரை என்று காகிதத்தில் இருந்தது. ஏழு மணிக்குத் திரை மேலே போனது. அரசன் முதல் பாட்டை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே பாதி நாற்காலிகள் காலி. ஏழு என்றால் எட்டுக்குப் புறப்படலாம் என்று ஊரே நினைத்திருக்கிறது. தூரத்தில் இருக்கும் செமாபோக்கிலிருந்து வருகிறவர்கள் அப்போதுதான் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

திரைக்குப் பின்னால் நின்ற ஐயா அந்த நாற்காலிகளை எட்டிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் கோடு போட்டேன். பார்க்க வர்றவங்களுக்குப் போடல" என்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பை அன்றுதான் முதலில் கேட்டேன். முதல் காட்சி முடிந்ததும் திரையை இறக்கச் சொன்னார். "சுப்பையா, ஆளுங்க வந்து சேர்றவரைக்கும் வாசிங்க. அப்புறம் திரும்ப முதல்லேருந்து."

"எவ்வளவு நேரம் ஐயா வாசிக்கிறது?"

"ஆயிடும், வாசிங்க."

மேடைக்குப் பின்னால் அன்று யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எட்டரைக்கு மண்டபம் நிரம்பி, நாடகம் மறுபடியும் தொடங்கியது. நேரத்துக்கு வந்தவர்கள் முதல் காட்சியை இரண்டு தடவை பார்த்ததாக இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "யாரு வச்சதுன்னு என்கிட்டகூடச் சொல்லல. ஆனா அந்தத் தையக்காரப் பொண்ணு வந்தா குடுன்னு ஒருநாள் சொன்னாரு" என்றார். பிரித்தேன். பழுப்புக் காகிதம். மற்றத் துண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார். உடுப்புக் கோட்டில் என் துணி மட்டும் அதே குண்டூசியோடு இருந்தது. ஊசி துருப்பிடித்து, காகிதத்தில் சிறிய வட்டமாகக் கறை.

அதை இப்போது மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது மட்டுமல்ல. பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்க ஐயாவைப் பற்றி எழுதித் தரும்படி சுப்பையா அண்ணன் வந்து கேட்டார். கூடவே குழுவினர் நான்கு பேர் வாசலில் நின்றிருந்தார்கள்.

"ரெண்டு நாள்ல ஆயிடுமா, தங்கச்சி?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"ரெண்டு நாள்ல முடியாதுண்ணே. அஞ்சு நாள் வேணும்" என்றேன்.

இன்று ஐந்தாம் நாள்.